புயல் வராத ஊருக்குக் காற்றும் வராதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் புயல் என்று செய்தி வந்துவிட்டால் போதும், தேக்கா ஈரச்சந்தையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார், "நல்லவேளை, நம்ம சிங்கப்பூருக்குப் புயலே வராது." பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மின்னலைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

முதலில் உண்மையான பாதி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றே கால் பாகை சொச்சத்தில். கடல்மேல் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடத்தை நோக்கி நாலா பக்கமிருந்தும் காற்று ஓடிவருகிறது, பூமி சுழல்வதால் அது பக்கவாட்டில் திருப்பப்படுகிறது, திரும்பித் திரும்பிச் சுழல் கட்டுகிறது, அதுதான் புயல். அந்தத் திருப்பம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஓடிவரும் காற்று நேராக உள்ளே போய் அழுத்தத்தைச் சரிசெய்துவிடும், சுற்றாது. அதனால்தான் ரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். அபூர்வம் என்றுதான் சொன்னேன், நடக்காது என்று சொல்லவில்லை. 2001 டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுவாகப் பாய்ந்துகொண்டிருந்தபோது, போர்னியோவுக்கும் மலாயாத் தீபகற்பத்துக்கும் நடுவிலுள்ள கடலில், ஒன்றரைப் பாகைக்கும் உள்ளேயே 'வாமெய்' என்ற சூறாவளி உருவாகி, 27ஆம் தேதி ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. நமக்கு அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடகிழக்கே, அதாவது காரில் ஒரு மணி நேரப் பயணம் (எல்லைச் சோதனைச்சாவடி வரிசையைக் கழித்துவிட்டால்). உலகம் முழுக்க வானிலை படிப்பவர்கள் வாமெய்யைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அப்படியொன்று வந்துபோனதே நினைவிருக்கிறது?

சரி, வாமெய் போன்றது எப்போதோ ஒருமுறை. நம்மை வருடா வருடம் அடிப்பது வேறு. வானிலைக்காரர்கள் சுமத்ரா ஸ்குவால் என்று சொல்லும் சூறைக்காற்று, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த வாரமும் வரலாம். இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் ஒரு நீளக் கோடாக வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கே துவாஸ், ஜூரோங் பக்கம் முதலில் நுழையும், அப்புறம்தான் கிழக்கே சாங்கிக்காரர்களுக்கு. மேகத்துக்குள் மழை விழும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த காற்று கனம் கூடிக் கீழே இறங்குகிறது, தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எப்படி நாலாபுறமும் ஓடுமோ அப்படி விரிந்து மேகத்துக்கு முன்னால் ஓடிவருகிறது. ஆகவே முதலில் வருவது மழையல்ல, காற்று. புழுக்கமாக இருந்த காலையில் திடீரென்று ஏர்கான் அறைக்கதவைத் திறந்துவிட்டதுபோல ஒரு குளிர் முகத்தில் பட்டால், "அப்பாடா" என்று நிற்காமல் ஜன்னலைச் சாத்த ஓடவேண்டிய நேரம் அது.

எவ்வளவு வேகம்? வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 2024 செப்டம்பர் 17 மாலை அடித்தது 83.2 கிலோமீட்டர் வரை போனது, தீவெங்கும் 300க்கு மேற்பட்ட இடங்களில் மரம் சாய்ந்ததாகவும் கிளை முறிந்ததாகவும் செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் பதிவான ஆக வேகமான காற்றுவீச்சு 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில், மணிக்கு 144.4 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறை மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டி நிலையாக வீசினாலே அதைப் புயல் என்கிறது. அது மணிக்கணக்கில் நிலைத்து வீசும் காற்று, நம்முடையது அடித்துவிட்டுப் போகிற வீச்சு, இரண்டையும் ஒன்றென்று சொல்ல முடியாதுதான். ஆனால் கீழே நிற்பவன் தலையில் கிளை விழ அரை நிமிட வீச்சு போதும்.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம். ஊரில் புயல் சொல்லிவிட்டு வரும். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கப்புறம் ஒரு பெயர் என்று நாலைந்து நாள் டிவியில் ஓடும், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், எண் கூடிக்கொண்டே போகும், கரையோரத்து ஆட்களைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய்த் தங்கவைப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோதும் அப்படித்தான், பல்லாயிரம் பேரை முன்கூட்டியே முகாம்களுக்கு நகர்த்தியிருந்தார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை யாராலும் நகர்த்த முடியவில்லை, அது வேறு துயரம். அந்த வாரம் இங்கே தங்குவிடுதிகளில் இருந்த டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் கிடைக்காமல் தவித்ததைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நமக்கு அந்த நாலைந்து நாள் கிடையாது. நீரிணையில் கோடு கட்டிவிட்ட சூறைக்காற்று ரேடாரில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தெரியும், தலைக்கு மேலேயே திரளும் இடிமழைக்கோ அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. எச்சரிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டால் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். ஆகவே இங்கே தயார்நிலை என்பது வெயில் காயும் ஒரு சாதாரண நாளில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை, நம்மில் பலர் அதைச் செய்வதில்லை, குறிப்பாகத் தமிழ் பேசும் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சே இல்லை என்பதுதான் என் குறை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே யார் வீட்டிலும் அம்மி இல்லை, 12வது மாடித் தாழ்வாரத்தின் திட்டில் துளசித் தொட்டி இருக்கிறது. பொங்கலுக்குக் கட்டிய தோரணக் குச்சி சித்திரை வரை கம்பியில் தொங்குகிறது. பழைய புளோக்குகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே செருகும் மூங்கில் கம்புகளில் நனைந்த ஜீன்ஸும் பெட்ஷீட்டும் காய்கின்றன. நனைந்த துணி காற்றைப் பிடித்துக்கொண்டால் கம்பு குழாயிலிருந்து துள்ளி வெளியே வரும், பத்து மாடி உயரத்திலிருந்து விழும் மூங்கில் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து விழாது.

எங்கள் ஜூரோங் வெஸ்ட் புளோக்கில், என் மாடியில், ஒரு மலாய் அம்மா இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் எந்தச் செயலியும் இல்லை. மேற்குப் பக்கம் கறுத்தால் முதலில் தன் வீட்டுக் கம்புகளை உள்ளே இழுப்பார், துணியோடு அப்படியே தரையில் போடுவார், பிறகு தாழ்வார முனைவரை நடந்து ஒவ்வொரு கேட்டையும் சாவியால் தட்டி "ஆஙின், ஆஙின்" (மலாயில் காற்று) என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். ஆள் இல்லாத வீட்டின் பூந்தொட்டிகளைத் திட்டிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்துவிடுவார், யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கோபித்துக்கொண்டவர்களும் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு சீனத் தாத்தாவின் கதவை மட்டும் அவர் பதில் சொல்லும்வரை தட்டுவார். பேரிடர் மேலாண்மை என்று பெரிய பெரிய வார்த்தைகளில் கருத்தரங்கு வைக்கிறார்களே, அதன் பாதி இந்த அம்மாவின் சாவிக்கொத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அவர் மேற்கைப் பார்ப்பதையும் கவனியுங்கள். ஈசான மூலையில் மின்னினால் மழை நிச்சயம் என்று நம் பாட்டிகள் வடகிழக்கைப் பார்ப்பார்கள், அது தமிழ்நாட்டின் ஐப்பசி, கார்த்திகைக்குச் சரி, இங்கே டிசம்பர், ஜனவரி அடைமழைக்கும் ஓரளவு பொருந்தும். வருடத்தின் நடுவில் வரும் சூறைக்காற்றுக்குப் பார்க்கவேண்டிய மூலை மேற்கு. வயதானவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே போதும், அவர்கள் நம்மைவிட நன்றாக வானம் பார்ப்பார்கள்.

இப்போது மின்னல். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 170க்கு மேற்பட்ட நாட்களில் இடி இடிக்கிறது, அதாவது இரண்டு நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. உலகில் மின்னல் அதிகம் வெட்டும் பகுதிகளில் நாமும் ஒன்று. ஒளியைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள்மேல் விழலாம், உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும், மழை விட்டதும் அல்ல, ஏனென்றால் மழை பெய்யும் இடத்தைவிட்டுத் தள்ளியும் மின்னல் விழும். மரத்தடி கூடவே கூடாது. பூங்காவில் நாலு தூணும் கூரையுமாக இருக்கும் குடில் மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. கண்ணாடி ஏற்றிய கார் பரவாயில்லை. நீச்சல் குளங்களில் எச்சரிக்கை வந்ததும் எல்லாரையும் வெளியேற்றிவிடுகிறார்கள், விரட்டுகிறார்களே என்று முகம் சுளிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை திறந்த திடலில் கிரிக்கெட் ஆடும் நம் பையன்களை விரட்ட யாரும் இல்லை, "இந்த ஓவர் முடியட்டும் அண்ணே" என்று அவர்கள் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறேன். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச்சொன்ன பாட்டிமார் நம் எல்லாருக்கும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும், சொல்லிக்கொண்டே உள்ளே வரட்டும்.

கட்டுமானத் தளங்களில் நிலைமை இன்னும் சிக்கல். பாரந்தூக்கிகளைக் காற்றில் நிறுத்திவிடுவார்கள், அதில் யாரும் விளையாடுவதில்லை. ஆனால் மேல்தளத்தில் கட்டாமல் அடுக்கி வைத்த பிளைவுட் பலகை? அரைகுறையாகக் கட்டிய வலை? சூறைக்காற்று விடிகாலையில் வந்து போய்விடும், எட்டு மணிக்கு ஆட்கள் வரும்போது வெயில் அடிக்கும், ராத்திரி எதுவுமே நடக்காததுபோல இருக்கும், சாரம் மட்டும் ஓரிடத்தில் பிடி தளர்ந்து நிற்கும். பலமான காற்று, மழைக்குப் பிறகு சாரத்தைச் சோதித்துவிட்டுத்தான் ஆளை ஏற்றவேண்டும் என்பது வேலையிடப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. இது புதிதாக வந்த ஒரு தம்பிக்குத் தெரியுமா, தெரிந்தாலும் "செக் பண்ணியாச்சா அண்ணே" என்று மேற்பார்வையாளரிடம் கேட்க அவனுக்கு வாய் வருமா? வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் ஒப்பித்துக் கையெழுத்து வாங்கினால் வராது. அவன் ஊர்க்காரர் ஒருவர் தமிழில் சொல்லி, கேட்பது தப்பில்லை என்றும் சொன்னால் வரும்.

யார் சொல்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் வங்காள தேசத்தைப் பார்க்கலாம். 1970 நவம்பரில் அங்கே போலா புயலில் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது, ஐந்து லட்சம் வரை சொல்கிறார்கள். 1972இல் புயல் தயார்நிலைத் திட்டம் என்று தொடங்கி, கரையோரக் கிராமங்களில் தொண்டூழியர்களைச் சேர்த்தார்கள். ஒலிபெருக்கி, எச்சரிக்கைக் கொடி, இவற்றோடு வீடு வீடாகப் போவதுதான் வேலை. ஆனாலும் 1991 ஏப்ரலில் இன்னொரு புயல் ஏறத்தாழ 138,000 பேரைக் கொண்டுபோனது, ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். எச்சரிக்கை போகாமல் இல்லை. வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், ஆணும் பெண்ணும் ஒன்றாக நெருக்கியடிக்கும் புகலிடத்துக்குப் போகக் கூசியவர்கள், குழந்தையை விட்டு ஓடமுடியாதவர்கள் என்று காரணங்கள் இருந்தன. இன்று அந்தத் திட்டத்தில் 70,000க்கும் அதிகமான தொண்டூழியர்கள், பாதிப் பேர் பெண்கள். ஒடிசாவிலும் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் போனார்கள், 2019 மே மாதம் ஃபனி வந்தபோது பன்னிரண்டு லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், இறப்பு இரண்டிலக்கத்தில் நின்றது. செயற்கைக்கோள், ரேடார், புகலிடக் கட்டடம் எல்லாம் இருந்தது உண்மை. கடைசியில் ஒரு கிழவியைப் பாயைவிட்டு எழுப்பியது தெரிந்த முகம், தெரிந்த மொழி.

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் அரசாங்கம் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 1970களில் சுமார் 3,200 ஹெக்டர் நிலம் வெள்ளம் தேங்கும் பகுதியாக இருந்தது, இன்று அது 30 ஹெக்டருக்கும் கீழே. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளின் கீழ்த்தளம் மூழ்கிய பிறகு, 38,000 கன மீட்டர் நீரைப் பிடித்துவைக்கும் ஸ்டாம்ஃபர்டு தொட்டியைத் தாவரவியல் பூங்காப் பக்கம் கட்டி 2018இல் முடித்தார்கள். ஆனால் எந்த மழைக்கும் தாங்கும் கால்வாய் கட்ட இந்தத் தீவில் இடம் கிடையாது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல், அந்த ஈரம் நம் தலையில்தான் இறங்கும். கார் நிறுத்துமிடத்துக்குள் தண்ணீர் இறங்கும்போது காரை எடுக்கக் கீழே போகாதீர்கள், அவ்வளவுதான். கார் கடன் பாக்கி இருந்தாலும்.

நான் போன அவசரகாலத் தயார்நிலைப் பயிற்சிகளில் தீ அணைப்பதும், நெஞ்சை அழுத்தி உயிர் காப்பதும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் தயார்ப் பையில் டார்ச்சு, மருந்து, முதலுதவிப் பொருள், முக்கியப் பத்திரங்களின் நகல் எல்லாம் உண்டு, அதோடு நம் பெரியவர்களுக்கு இன்னொன்று வேண்டும்: பிள்ளைகளின் போன் எண்கள் பெரிய எழுத்தில் எழுதிய காகிதம். கைப்பேசி அணைந்தால் எத்தனை பேருக்கு மகன் எண் மனப்பாடமாகத் தெரியும்?

எச்சரிக்கை எதுவும் தமிழில் வருவதில்லை என்று சொல்லிப் பழி போட நான் வரவில்லை. வானிலை ஆய்வகத்தின் இணையப் பக்கத்திலும் மைஎன்வி செயலியிலும் மழை ரேடார் படம் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பச்சை லேசான மழை, மஞ்சள் அதைவிட அதிகம், சிவப்பும் ஊதாவும் வந்தால் உள்ளே இருங்கள். அதைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம், இடமிருந்து வலமாக ஒரு சிவப்புக் கோடு நகர்வதைப் பார்க்கக் கண் போதும். இது தெரியாமல்தான், "இன்றிரவு சிங்கப்பூரில் பெரும் புயல், ஃபார்வர்டு செய்யவும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, ஊரிலிருக்கும் அம்மா வரைக்கும் பயமுறுத்துகிறோம்.

அதனால் உங்களிடம் கேட்பது இது. சூறைக்காற்றுப் பருவம் தொடங்குமுன், மார்ச் கடைசியில், ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். கட்டுரை வேண்டாம், படம். ரேடார் படத்தை எப்படிப் பார்ப்பது, இடியை எப்படி எண்ணுவது, சாரத்தில் ஏறுமுன் என்ன கேட்பது, விழுந்த மரத்தைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவது, ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் 995. எழுத்து பெரிதாக இருக்கட்டும், தங்குவிடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இரண்டு அடி தள்ளி நின்று படிக்கவேண்டும். கோயில்களும் பள்ளிவாசல்களும் ஊர்ச் சங்கங்களும் ரத்ததானத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் எவ்வளவு அழகாக ஆட்களைத் திரட்டுகின்றன, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இதற்குக் கொடுத்தால் போதும், பேசத் தளப் பாதுகாப்பு அதிகாரிகளாக வேலை பார்க்கும் தமிழர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

பக்கம் வந்தால் எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே ஒட்ட வசிப்போர் குழுவிடம் நானே அனுமதி வாங்குகிறேன். கூடுதல் பிரதிக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், பத்துப் பிரதி எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்